பாக்குக் கன்றுகளை வளர்த்தவள்

தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் எங்கள் பள்ளிக்கூட வாசலுக்குள் நுழைந்தால், நடைபாதையின் இரண்டு பக்கமும் பாக்குமரங்கள் வரிசையாக நிற்கும். இப்போது அவை என் தலைக்கு மேல் உயர்ந்துவிட்டன. அவற்றை வளர்த்தது யார் என்று எங்கள் குடியிருப்பான கம்பத்தில் யாரைக் கேட்டாலும் என் அண்ணியைத்தான் கைகாட்டுவார்கள். பிள்ளைத்தாய்ச்சி கை வைத்த கன்று, பின் எப்படி இருக்கும் என்பார்கள்.

வளர்த்தது நான்.

இதை வாய்விட்டுச் சொன்னால் சிரிக்கிறார்கள். நாலு எழுத்துப் படித்துவிட்டால் எல்லாவற்றிலும் பங்கு கேட்பாள் என்கிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா ஒரு துரை வீட்டுப் பங்களாவில் தோட்டக்காரர். பங்களாவுக்குப் பின்னால், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பலகை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அண்ணன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை செய்தார். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். சட்டை போட்டு, காலில் சப்பாத்து மாட்டி, வெள்ளைக்கார மிஸ்ஸிமார்கள் நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அம்மா அதைப் பெருமையாகவும் சொல்வாள், குறையாகவும் சொல்வாள். எதிரில் இருப்பவரைப் பொறுத்தது.

நான் மேல்வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடம் புதுக் கட்டடத்துக்கு மாறப் போவதாகச் சொன்னார்கள். வெட்டவெளி. செம்மண் திடல். ஒரு மரம் கிடையாது. நடைபாதைக்கு இருபுறமும் பாக்குமரம் வைத்தால் அழகாக இருக்கும் என்று பெரிய மிஸ்ஸி வகுப்பில் சொன்னார். கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பெண் ஒருத்தி, தன் அப்பா சீனன் தோட்டத்தில் கன்று வாங்கித் தருவார் என்று கையைத் தூக்கினாள். அவள் கை இறங்குவதற்குள் நான் எழுந்து, நானே வளர்த்துத் தருகிறேன் என்றேன்.

விதையிலிருந்தா என்று கேட்டார் மிஸ்ஸி. விதையிலிருந்து என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. புதுக் கட்டடத்துக்குப் போனதும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் வேலையை எனக்குத் தருவதாக மிஸ்ஸி ஏற்கெனவே சொல்லியிருந்தார். "அப்படியானால் நீ வளர்த்த மரங்களுக்கு நடுவே நடந்துதான் நீ வேலைக்கு வருவாய்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன்!

பங்களாவின் பழைய மரத்திலிருந்து நன்றாகப் பழுத்த பாக்குகளை அப்பா கொண்டுவந்தார். நான் அவற்றை வாளித் தண்ணீரில் போட்டு, காம்பு மேலாக நிமிர்ந்து மிதந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். சாய்ந்து கிடந்ததையும் மூழ்கியதையும் ஒதுக்கினேன். கிணற்றடிக்குப் பக்கத்தில் மணல் பாத்தி கட்டினேன். நாலு மூங்கில் நட்டு, மேலே அத்தாப்பு ஓலை வேய்ந்து ஒரு சின்னப் பந்தலும் போட்டேன். மறுநாள் காலை விதை வைக்க வேண்டியது. மறுநாள் காலை நான் தூரமாகிவிட்டேன்.

"போ, அந்தப் படியில போயி உக்காரு. பந்தல் பக்கம் ஒன் நெழலுகூட விழக்கூடாது" என்றாள் அம்மா.

"மூணு நாள் கழிச்சு வச்சா என்னம்மா? நான் தலைமுழுகுனதும் வைக்கலாமே."

"நல்ல நாளு பாத்தாச்சு. விதை காஞ்சுபோயி நிக்கும்."

அப்பா அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி பத்து காவான் என்ற ஊர்த் தோட்டத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவள். அப்போது முழுகாமல் இருந்தாள். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"மருமவளே, இங்க வாம்மா. ஒன் கையால வையி."

"எனக்கு என்ன மாமா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். வச்சாப் போதும்."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. தெரிந்தவள் படியில் உட்கார்ந்திருக்கிறேன். தெரியாதவளை அழைத்து, தெரிய வேண்டாம் என்கிறார். அண்ணி வெட்கத்தோடு குனிந்தாள். கண்ணாடி வளையல்கள் சலசலக்க ஒவ்வொரு பாக்கையும் மணலில் அழுத்தினாள். என்னால் பொறுக்க முடியவில்லை. "காம்பு மேல இருக்கணும் அண்ணி! ரொம்ப உள்ள தள்ளாதீங்க! நெருக்கி வைக்காதீங்க!" என்று படியிலிருந்தே கத்தினேன்.

பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷன் மாட்டுவண்டி ஓட்டுபவர். எங்கள் பாத்திக்கு மக்கிய சாணம் அவர்கள் கொட்டகையிலிருந்துதான் வந்தது. "ஏ புள்ள, தூரமா இருக்கிறவ கத்தாத. வெதை காதுல விழுந்து பயந்துக்கப் போவுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள்.

விதைகள் ஏறக்குறைய எல்லாமே முளைத்தன. மணலைக் குத்திக்கொண்டு ஈட்டிமுனைபோலக் கூர்மையாக வந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சுப் பேசினார்கள். பிள்ளைத்தாய்ச்சி கை. வாளித் தண்ணீரில் நான் விதை பொறுக்கியதை யாரும் பேசவில்லை. கை வைத்தவளுக்கு மாங்காய், நெல்லிக்காய், பசாரிலிருந்து அவள் கேட்ட மீன். கை வைக்காதவளுக்குக் காலையில் தண்ணீர் இறைக்கும் வேலை, பள்ளிக்கூடம் விட்டதும் களை பிடுங்கும் வேலை.

இரண்டு இலை விட்டதும் கன்றுகளைப் பிடுங்கி அடுத்த பாத்திக்கு மாற்றினோம். இந்த முறை நான் தூரமில்லை. ஆனாலும் முதல் கன்றை அண்ணி தொட்டுக் கொடுக்க வேண்டும் என்றார் அப்பா. தொட்டுக் கொடுத்தாள். மீதி எல்லாவற்றையும் நான் நட்டேன். சாணத்தோடு, ஆற்றோரம் துணி வெளுக்கிறவர்களின் அடுப்புச் சாம்பலைக் கேட்டு வாங்கிவந்து கலந்தேன். மீன் கழுவிய தண்ணீரை அம்மா கொட்டிவிடாமல் பிடித்துவைத்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, வேரிலிருந்து சற்றுத் தள்ளி ஊற்றினேன். பங்களாவில் ரோஜாச் செடிகளுக்கு வாங்கிய வெள்ளை உரம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. உப்புப்போல இருக்கும். அதைக் கைப்பிடியாக அள்ளிப் போட்டால் இளங்கன்று கருகிவிடும், நீரில் நிறையக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று சாக்கில் இங்கிலீசில் அச்சடித்திருந்தது. அதை அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன்.

"நம்ம மண்ணப் பத்திச் சாக்குக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஆனால் நான் கரைத்து ஊற்றியபோது தடுக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரம் அப்பா என் பக்கத்தில் நின்றது எனக்குப் பெரிதாக இருந்தது.

கன்றுகள் கரும்பச்சை ஏறின. வேலியோரத்து அக்கா வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணியைத்தான் பார்த்தாள்.

"வயித்துப் புள்ள ஏற ஏறக் கன்னும் ஏறுது பாத்தியா."

"உரம் போட்டேன்க்கா" என்றேன்.

"போடு, போடு. ஒன்ன வேணாம்னா சொன்னேன்?"

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தீட்டு என்று உள் அறையில் படுக்க வைத்தார்கள். பந்தல் பக்கம் அவள் வரக்கூடாது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குழந்தை பிறந்ததற்கும் சந்தோஷம்தான், அது வேறு. இது வேறு. முதல் முறையாகக் கன்றுகள் முழுக்க என்னிடம் இருந்தன. இனி எது செழித்தாலும் யாரைச் சொல்வார்கள் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மழையில்லாத காலம் வந்தது. உலர்ந்த காற்று. ஒரு மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தால் ஒரு ஓரத்துக் கன்றுகளில் இலைகள் பழுப்புத் தட்டிக் காகிதம்போல் சுருண்டிருந்தன.

"கை வச்சவ உள்ள கெடக்கா. கன்னு ஏங்குது" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அண்ணிக்குப் பத்தியச் சோறு எடுத்துப் போனாள்.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே குனிந்து பார்த்தேன். எல்லாக் கன்றும் வாடவில்லை. மேற்கு ஓர வரிசை மட்டும்தான். அந்த வரிசையிலும் மேற்குப் பக்கம் நீட்டிய இலைகள் மட்டும். நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பக்கத்து அத்தாப்பு ஓலை கயிறு அறுந்து சரிந்து கிடந்தது. மாலை வெயில் சாய்வாக நேரே உள்ளே விழுந்துகொண்டிருந்தது. இதில் ஏக்கம் எங்கே வந்தது?

ஓலையைக் கட்டினேன். மேற்குப் பக்கம் முழுவதும் கோணிச்சாக்குகளைத் திரையாகத் தொங்கவிட்டு நனைத்துவைத்தேன். கருகிய கன்றுக்கு உரம் ஆகாது என்று உரத்தை நிறுத்தி, வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றினேன். கருகிய இலை பச்சையாகாது. புதுக் குருத்துதான் வர வேண்டும். தினமும் விடிந்ததும் போய்க் குருத்தைப் பார்ப்பேன். ஒருநாள் நடுவில் பச்சை ஊசிபோல ஒன்று தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நன்றாக விரியட்டும், அப்பாவை நானே கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

குருத்துகள் விரிந்த வாரம்தான் அண்ணிக்குத் தீட்டுக் கழித்தார்கள். தலைமுழுகி, மஞ்சள் பூசி, குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் பந்தல் பக்கம் வந்தாள். பின்னால் அம்மா. அதற்குப் பின்னால் வேலியோரத்து அக்கா.

"அடி ஆத்தே! வந்து கால வச்சா, குருத்து வந்து நிக்கிது பாரு!" என்று கூவினாள் அக்கா.

அப்பா ஓடிவந்தார். குனிந்து ஒவ்வொரு குருத்தாகப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அண்ணியைப் பார்த்த அந்தப் பார்வை இருக்கிறதே, நான் வகுப்பில் முதலாவதாக வந்த அன்றுகூட அப்படி ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை.

"சாக்கு கட்டுனது நானு!" என்று கத்திவிட்டேன்.

"சாக்கு கட்டுனாக் குருத்து வருமாடி? சாக்குக்குள்ள எலிதான் வரும்" என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் அண்ணி கிணற்றடியில் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"அண்ணி, ஒங்களுக்கே தெரியும்ல. அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"என்னான்னு?"

"கன்ன வளத்தது நான்னு."

அவள் துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். "சொல்ல மாட்டேன் பாப்பா."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. தெரியாது என்பாள், அல்லது சிரித்து மழுப்புவாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஏன்?"

"இந்த வூட்டுக்கு நான் வந்தப்ப என் சோறு கொழஞ்சி போச்சு. என் பேச்சு தோட்டத்துப் பேச்சு. கடுதாசி வந்தாப் படிக்கத் தெரியல. தெனமும் இதான். நீயுந்தான் சிரிச்ச. இப்பத்தான் மாமா 'மருமவளே வா'ங்கிறாரு. அதத் தூக்கி ஒங்கிட்டக் குடுத்திட்டு மறுபடி நான் கொழஞ்ச சோத்துக்காரியா நிக்கணுமா?"

"அது பொய்யான பேரு அண்ணி."

"இருந்துட்டுப் போவட்டும். ஒனக்கு இங்கிலீசு இருக்கு, சப்பாத்து இருக்கு, மிஸ்ஸி இருக்காங்க. எனக்கு இந்தக் கை ஒண்ணுதான். அதுமேலயுமா கண்ணு வைக்கிற?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் பேச்சில் நியாயம் இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. நான் படித்தது என் உழைப்பு. அது எனக்கு யாரும் மடியில் கட்டிவிட்டதல்ல. கன்று வளர்ந்ததும் என் உழைப்பு. ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதற்காக இன்னொன்றை விட்டுக்கொடு என்றால் அது எந்த ஊர்க் கணக்கு? வாளியை நிரப்பிக்கொண்டு போனேன். அதன் பிறகு நாங்கள் இருவரும் நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டோம். குழந்தையை நான்தான் குளிப்பாட்டினேன். கன்றுப் பேச்சு மட்டும் எங்களுக்குள் இல்லை.

அடுத்த மழைக்காலம் நெருங்கியபோது கன்றுகள் முழங்காலைத் தாண்டிவிட்டன. நான் பந்தலைப் பிரிக்க ஆரம்பித்தேன். ஒரேயடியாக அல்ல. கிழக்கில் ஒரு ஓலை, சில நாள் கழித்து நடுவில் ஒன்று என்று காலை வெயிலை முதலில் விட்டேன்.

கம்பமே திரண்டுவிட்டது. "பச்சப் புள்ளயக் கொண்டுபோயி வெயில்ல போடுவாளா எவளாச்சும்? இதுதான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கிறாங்களா?" என்று அக்கா வேலியோரம் நின்று கையை ஆட்டினாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இலைகளின் கரும்பச்சை சற்று வெளுத்தது. வாடினால் காரணம் நான், தளிர்த்தால் காரணம் அண்ணி என்பது எனக்குத் தெரியும்.

அப்பா வேலை விட்டு வந்து பந்தலை அண்ணாந்து பார்த்தார்.

"அந்தத் தெடல்ல அத்தாப்பு இல்லப்பா. இங்கயே வெயிலு பழகட்டும். திடீர்னு கொண்டுபோயி நட்டா எல்லாம் வெந்துரும்" என்றேன்.

அவர் கிணற்றடிக்குக் கால் கழுவப் போய்விட்டார். ஆனால் இரண்டு நாள் கழித்து நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, இன்னொரு ஓலை பிரித்துக் கீழே வைக்கப்பட்டிருந்தது. அதை நான் பிரிக்கவில்லை. வேறு யார் பிரித்திருப்பார்கள்? அதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் இருந்தது.

மழை இறங்கியதும் கன்றுகளை மண்கட்டி உடையாமல் தோண்டி, தென்னங்கீற்றில் முடைந்த கூடைகளில் வைத்து வேலியோரத்து அக்கா வீட்டு மாட்டுவண்டியில் ஏற்றினோம். வண்டியில் கன்றுகளுக்கு நடுவே குழந்தையோடு அண்ணி உட்கார்ந்தாள். கல்யாணத்துச் சேலை கட்டியிருந்தாள். நான் சப்பாத்தில் சேறு அப்ப வண்டிக்குப் பின்னால் நடந்தேன். ஆடிய கன்றுகளைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே.

திடலில் குழிகள் தயாராக இருந்தன. குழியின் அடியில் சாணமும் சாம்பலும் போட்டு, மேல்மண் கலந்து மூடி வைத்ததும் நான்தான். மாணவிகள் வரிசையாக நின்றார்கள். பெரிய மிஸ்ஸி தொப்பி அணிந்து வந்தார். அப்பா முதல் கன்றை எடுத்தார். நான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய் அண்ணியிடம் கொடுத்தார்.

அண்ணி குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து நட்டாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். கிராணி வீட்டுப் பெண் என் காதோரம் வந்து, "ஓ, ஒங்க அண்ணியா வளத்தாங்க? நீன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

மிஸ்ஸி கன்றுகளைச் சுற்றிப் பார்த்தார். இலையைத் தொட்டார், தண்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். சீனன் தோட்டத்துக் கன்றுகூட இத்தனை திடமாக இருக்காது, யார் வளர்த்தது என்று உன் தகப்பனாரைக் கேள் என்றார் என்னிடம்.

நான் கேட்டேன்.

"என் மருமவ கை ராசின்னு சொல்லு" என்றார் அப்பா.

அங்கே இங்கிலீசும் தமிழும் தெரிந்து அவர்களுக்கு நடுவில் நின்றவள் நான் ஒருத்திதான். குழந்தை என் இடுப்பில் இருந்தது. அண்ணி மண் ஒட்டிய கையோடு நிமிர்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வையில் கெஞ்சல் இல்லை, காவல் இருந்தது.

என் அண்ணியின் கை ராசி என்று என் அப்பா சொல்கிறார் என்று மிஸ்ஸியிடம் சொன்னேன். ஒரு சொல் குறைக்கவில்லை. பிறகு மூச்சு எடுத்துக்கொண்டு, விதை பொறுக்கியதும், நிழல் கட்டியதும், உரம் கரைத்ததும், வெயில் பழக்கியதும் நான் என்றேன். மிஸ்ஸி என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்படியானால் மழை விட்டுப் போகும் நாளில் இவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதும், ஓலைத் தடுப்பு வைப்பதும் உன் பொறுப்பு, ஆசிரியை அம்மா என்றார்.

ஆசிரியை அம்மா என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு அது விளங்கவில்லை.

"நான் சொன்னது நாலு வார்த்த. நீ என்ன அவ்வளவு நீளமாச் சொன்ன?"

"நீங்க சொன்னதையும் சொன்னேன். நான் செஞ்சதையும் சொன்னேன்."

அப்பா தாடையைத் தடவினார். "மிஸ்ஸி எத நம்புனாங்க?"

"என்னைத்தான்."

அவர் அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வண்டியோட்டி சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"சரி வுடு. இங்கிலீசுல நீ வளத்த. தமிழுல அவ வளத்தா."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அண்ணிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா பெரிய தீர்ப்புச் சொன்ன திருப்தியோடு அடுத்த கன்றை எடுக்கப் போனார்.

எனக்குத் தமிழில்தான் வேண்டியிருந்தது. மிஸ்ஸியின் இங்கிலீசு எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வராது. அப்பாவின் வாயிலிருந்து, அந்த அக்காவின் காதில் விழும்படி, ஒரே ஒரு தடவை வந்திருந்தால் போதும். குழந்தையை அண்ணியிடம் கொடுத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு திடலின் கிணற்றுக்குப் போனேன். நட்ட கன்றுகளுக்கு உடனே தண்ணீர் விட வேண்டும். அண்ணி நட்ட அந்த முதல் கன்றுக்கும் நான்தான் விட்டேன். அதற்கு மட்டும் குறைத்து ஊற்ற எனக்குக் கை வரவில்லை.